தேய்த்து எடுத்த முகம்

சிமோஸின் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. முப்பது வருடமாக, சிலையைத் தேய்க்கிற குருந்தக்கல்லையும் தண்ணீரையும் பிடித்த கை அது. உளிக்காரர்கள் தங்கள் வேலையை முடித்து நகர்ந்த பிறகு வெள்ளைக்கல்லின் மேல் ஆயிரக்கணக்கான கொத்துத் தழும்புகள் மிச்சமிருக்கும். அவற்றை எடுப்பது அவன் தொழில். முதலில் முட்டை அளவு குருந்தக்கல், பிறகு அதன் பொடி தோய்த்த தோல், பிறகு தேரா தீவிலிருந்து வரும் நுரைக்கல், கடைசியில் எண்ணெய். ஒரு சிலைக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போகும்.

விரல் மரத்துப்போனதால் கல் சரியாக வந்திருக்கிறதா என்று அவனால் தடவிப் பார்க்க முடியாது. கன்னத்தை வைத்துத்தான் பார்ப்பான். முழங்காலோ முதுகோ எதுவானாலும் குனிந்து தன் கன்னத்தை அதன்மேல் பதித்து மெதுவாக இழுப்பான். மணல் பருக்கை அளவு மேடு இருந்தாலும் சொல்லிவிடுவான். எங்கள் நக்ஸோஸ் தீவில் வேறு எந்தப் பட்டறையிலும் இப்படிப் பார்க்கிற ஆள் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சிரிப்பு தாங்காது.

"என்ன சிமோஸ் அண்ணே, சிலைப்பய பின்னாடில கன்னத்தை வெச்சுக் கொஞ்சறீங்க? அண்ணிகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுடா. அவளைவிட இவன் வழவழப்புன்னும் சேர்த்துச் சொல்லு. திருப்பிப் பேசவும் மாட்டான்."

பட்டறை தெலெசோனுடையது. அவரிடம் ஒன்பது பேர் இருந்தோம். நாங்கள் செய்தது பெரும்பாலும் ஒரே சிலைதான்: நிற்கிற இளைஞன். உடம்பில் துணி இல்லை. இடது கால் ஓர் அடி முன்னால். இரண்டு கையும் தொடையை ஒட்டி, விரல்கள் மடங்கி. மணி மணியாகப் பின்னிய கூந்தல் முதுகில். உதட்டில் சின்னச் சிரிப்பு. தேலோஸ் தீவுக் கோயிலில் அப்பல்லோனுக்குக் காணிக்கை வைப்பவர்களுக்கும் அவன்தான், மகனைப் பறிகொடுத்தவர்கள் கல்லறைமேல் நிறுத்துவதற்கும் அவன்தான். கல்லின் நான்கு பக்கமும் கட்டம் போட்டுக் கொத்துவோம். கண் எந்தக் கட்டத்தில், வாய் எந்தக் கட்டத்தில் என்பதெல்லாம் தெலெசோனின் அப்பா காலத்திலேயே முடிவாகிவிட்டது. முகம் யாருடைய முகமும் இல்லை.

"யார் சாயலாவது வந்துட்டா அது கல்லறைக்கு ஆகாது," என்பார் தெலெசோன். "வயசாகாத, நோய் வராத ஒரு பையன். அவ்வளவுதான் நாம குடுக்கிறது. அதுல பெத்தவங்க அவங்கவங்க பிள்ளையை வெச்சுக்குவாங்க."

சிமோஸுக்கு ஒரே பிள்ளை, பானிஸ். பத்தொன்பது வயதில் கல் ஏற்றும் கப்பலில் துடுப்பு போடப் போனான். ஒரு வசந்தத்தில், பாதி கொத்திய இரண்டு சிலைகளோடு தேலோஸுக்குக் கிளம்பிய கப்பல் வடகாற்றில் மாட்டிக்கொண்டது. கட்டு அறுந்து கல் ஒரு பக்கமாக நழுவியது. கப்பல் கவிழ இரண்டு மூச்சு நேரம்கூட ஆகவில்லை என்று பிழைத்து வந்த இருவர் சொன்னார்கள். மற்ற பதினொரு பேரில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கும் இடம் உண்டு. வெறுங்குழி ஒன்று தோண்டி, மேலே ஒரு கல் நட்டு, பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டு, மது ஊற்றுவார்கள். கூப்பிட்ட கல்லுக்கு அவன் வந்துவிடுவான். பிறகு பெற்றவர்கள் ஊற்றுவதைக் குடித்துக்கொண்டு அங்கேயே இருப்பான். கூப்பிடாதவன் தண்ணீர்மேல் அலைவான். எங்கள் ஊரில் தாய் உயிரோடிருந்தால் முதல் குரல் அவளுடையதாக இருக்க வேண்டும். அந்தக் கோடைக்குள் பத்துத் தாய்மார்கள் கூப்பிட்டுவிட்டார்கள். சிமோஸின் மனைவி கிளைனோ மட்டும் கூப்பிடவில்லை.

அவர்கள் வீடு பட்டறைச் சுவரை ஒட்டியது. பேசுவது எல்லாருக்கும் கேட்கும்.

"கூப்பிடுடி. மூணே மூணு தடவை."

"நீ கூப்பிடு."

"நான் முதல்ல கூப்பிட்டா ஆகாதுன்னு உனக்குத் தெரியும்."

"செத்தவனைத்தான் கூப்பிடுவாங்கன்னும் எனக்குத் தெரியும். உயிரோட இருக்கிறவன் தானா வருவான். பசிச்சா வருவான்."

"ஒரு வருஷம் ஆகப்போகுது கிளைனோ. நிக்க இடமில்லாம அலையறான்."

"யோவ், என் பிள்ளையைக் கல்லுக்குக் கீழ தள்ள உனக்கு என்னய்யா அவ்வளவு அவசரம்?"

எந்தக் கப்பல் கரையில் ஏறினாலும் அவள் போய் நின்று விசாரிப்பாள். துடுப்புக்காரர்களுக்கு அவளைத் தெரியும். "எகிப்து பக்கம் நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் இருக்கான்னு கேள்விம்மா" என்று ஏதாவது சொல்லி வைப்பார்கள். அவளும் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சிமோஸிடம் சொல்வாள். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அவள் வாயால் அந்தப் பெயர் மூன்று தடவை வரவேண்டும், பையனுக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும்.

அதே கோடையின் கடைசியில் ஊர்ப் பெரிய குடும்பத்தில் தெமோனஸ்ஸா என்ற விதவையின் மகன் யூமெலோஸ் காய்ச்சலில் இறந்தான். அவனுக்கும் பத்தொன்பதோ இருபதோ. கல்லறைக்கு ஆளைவிட உயரமான சிலை வேண்டும் என்று தெலெசோனிடம் சொன்னார்கள். மலையில் கல்வெட்டும் குழியிலிருந்து கல் எடுத்து இறக்கவே ஒரு மாதம். குளிர்காலம் முழுக்கக் கொத்தினோம். வசந்தம் வந்தபோது உடம்பெல்லாம் தேய்த்து முடிந்து, முகமும் கால் நகங்களும் மட்டும் பாக்கி. சிலை மரக்கட்டைகள்மேல் மல்லாந்து கிடந்தது. நான் கால்மாட்டில் உட்கார்ந்து விரல் நகங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். சிமோஸ் தலைமாட்டில்.

முகத்துக்குப் பதினொரு நாள் எடுத்தான். தேய்ப்பான், கழுவுவான், கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்ப்பான், தலையை ஆட்டிவிட்டு மறுபடி தேய்ப்பான். வழக்கமாக அவன் இவ்வளவு தடவை பார்ப்பதில்லை. எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம் கிளைனோ கூடையில் பார்லி அடையும் ஆலிவும் சின்னக் கலயத்தில் மதுவும் கொண்டுவந்தாள். தினமும் வருவாள், வாசலருகே வைத்துவிட்டுப் போய்விடுவாள். சிலைகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மகனை மூழ்கடித்ததே இரண்டு சிலைகள்தானே. அன்று வாசலில் ஏதோ சாமான் கிடந்ததால் தலைமாடு வரை வரவேண்டியிருந்தது. வந்தவள் நின்றுவிட்டாள்.

"இது யாரு?"

"தெமோனஸ்ஸா அம்மா வீட்டுப் பையன்."

"இல்லை."

கூடையைக் கீழே வைத்துவிட்டு, சிலையின் இடது கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். பானிஸுக்கு ஆறு வயதில் கோவேறு கழுதை உதைத்து இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டு போயிருந்தன. அந்தக் கன்னம் மட்டும் லேசாக உள்வாங்கியிருக்கும். சிரித்தால் அந்தப் பக்கத்து உதடு மட்டும் மேலே ஏறும். அவளுடைய விரல் அந்தப் பள்ளத்தில் போய் நின்றது. ஒரு பார்லி மணியின் தடிமன்கூட இருக்காது. அவள் காட்டியிருக்காவிட்டால் எங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. காட்டிய பிறகு வேறு எதுவும் தெரியவில்லை.

"நான் செய்யலை," என்றான் சிமோஸ்.

பொய் இல்லை. அவன் குனிந்து, தன் கன்னத்தை மறுபடி அங்கே பதித்தான். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. கழுதை உதைத்த அந்தச் சின்ன வயதில் பானிஸ் அவன் தோளில் தூங்கும்போதெல்லாம் அந்த இடது கன்னம்தான் அவன் கன்னத்தில் பட்டிருக்கும். கல்லைப் பார்க்கிற கன்னமும் அதே கன்னம். பதினொரு நாளும் அதற்கு எது சரி என்று பட்டதோ அதுவரை தேய்த்திருக்கிறான்.

அன்றைக்கே சரிசெய்திருக்கலாம். பள்ளம் சிறியது. வலது கன்னத்தையும் அதே அளவுக்கு இறக்கினால் இரண்டு நாளில் முடிகிற வேலை. தெலெசோன் கல்வெட்டும் குழிக்குப் போயிருந்தார், வர நாலைந்து நாள் ஆகும். அதற்குள் முடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சிமோஸுக்கும் அது தெரியும். ஆனால் அவன் நுரைக்கல்லைத் தொடவில்லை. எண்ணெய் இன்னும் தெளியவில்லை, துணி ஈரம் என்று ஏதோ சொல்லி உட்கார்ந்திருந்தான். காரணம், கிளைனோ போகவில்லை. சிலையின் தலைமாட்டில் உட்கார்ந்து, கூடையிலிருந்த அடையைப் பிட்டுத் தானும் சாப்பிட்டாள். அவள் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும். நான்காம் நாள் மதியம் எழுந்து நின்றாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். என் கையிலிருந்த உளியை வாங்கி முன்பக்கத்து முடியில் ஒரு கொத்தை அறுத்துச் சிலையின் மார்பில் வைத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று எங்களுக்குப் புரிவதற்குள் கூப்பிட்டுவிட்டாள்.

"பானிஸ்!"

உளிச் சத்தம் எல்லாம் நின்றது.

"பானிஸ்! டேய் பானிஸ்!"

சிமோஸுக்கென்று கொண்டுவந்த மதுவைச் சிலையின் காலடியில் ஊற்றினாள். பிறகு கல்லின் இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து வருகிற குரலில் அழுதாள். ஒரு வருடமாக அழாத அழுகை. சிமோஸ் அழவில்லை. அவன் கேட்டது கிடைத்துவிட்டது. தண்ணீர்க் கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி எங்களைப் பார்த்தான். எங்களில் ஒருவரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டுக் கல்லுக்குக் கூப்பிட்டாகிவிட்டது. அதை வாயில் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

தெலெசோன் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சாயல் வந்தா உடனே எடுக்க வேண்டியதுதானேய்யா! முப்பது வருஷமா உனக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அவ சாப்பிட்டா," என்றான் சிமோஸ்.

தெலெசோன் அதற்கு மேல் திட்டவில்லை. ஆனால் மறைக்கவும் அவர் தயாராக இல்லை. மற்றவர் பிள்ளை வந்து நிற்கிற கல்லை ஒரு தாயிடம் கொடுத்து அனுப்பினால் அந்தத் தோஷம் பட்டறையையே தொடரும். அவரே போய்ச் சொல்லிவிட்டார்.

தெமோனஸ்ஸா நடந்தே வந்தாள். மகன் இறந்தபோது வெட்டிய முடி இன்னும் காதுக்குக் கீழ் வளரவில்லை. சிலையைக் கால்மாட்டிலிருந்து தலை வரை பார்த்தாள்.

"எந்தக் கன்னம்?"

சிமோஸ் காட்டினான்.

"உன் பையன் பேரு?"

"பானிஸ், அம்மா."

"என் பையன் எட்டு மாசமா வெறும் மண்ணுக்குக் கீழ கிடக்கிறான். மேல ஒரு கல் இல்லை. இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்." கிளைனோவைப் பார்த்தாள். "நானும் கூப்பிட்டுடலாம்மா. ஆனா ரெண்டு பேருக்கு ஒரே கல்லுல இடம் கிடையாது. ஊத்தறதை எவன் குடிக்கிறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"



"முகத்தை எடுத்துடுங்க," என்றாள் தெமோனஸ்ஸா. "முகம் போனா அவனும் போயிடுவான். அப்புறம் நான் கூப்பிட்டுக்கறேன்."

"மேலோட்டமா எடுத்தா போதாதும்மா," என்றான் சிமோஸ். "சாயலே இல்லாம ஆகணும்னா கன்னம், வாய், தாடை, கண்ணைச் சுத்தி, எல்லாம் சேர்ந்து இறங்கணும். கல்லுல திருப்பி ஒட்ட முடியாது."

"இறங்கட்டும்."

அவள் போன பிறகு தெலெசோன் தட்டை உளியை எடுத்தார். "நான் பண்றேன் சிமோஸ். உளியால எடுத்தா ஒரு நாள்தான். நீ வீட்டுக்குப் போ."

"உளி வேண்டாம்."

"தேய்ச்சா ஒன்பது பத்து நாள் ஆகும்யா. பொறுத்துக்குவியா?"

"மூஞ்சியில உளி வேண்டாம்," என்றான் மறுபடியும். கிளைனோ அவன் பக்கம் திரும்பினாள்.

"உன் கையாலயா?"

"வேற யார் கையால?"

மறுநாள் காலை குருந்தக்கல்லை எடுத்தான். இடது கன்னத்தில் வைக்காமல் நெற்றியில் ஆரம்பித்தான். கிளைனோ காலடியில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ஈரப்பொடி கல்லிலிருந்து வழிந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் வரும்போது அவள் வீட்டிலிருந்து ஓர் அகன்ற சட்டி கொண்டுவந்து தாடைக்குக் கீழே வைத்தாள். முதல் நாள் சொட்டிய மண்ணையும் சுரண்டி அதில் போட்டாள். சிமோஸ் அதன்பிறகு தண்ணீரைக் குறைத்து ஊற்றினான், ஒரு சொட்டும் சட்டிக்கு வெளியே போகாதபடி.

இடது கன்னத்துக்கு அவன் வந்தது ஆறாம் நாள். அன்று தெலெசோன் எங்களையெல்லாம் கட்டை தூக்கவென்று வெளியே அனுப்பிவிட்டார். கட்டை ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது பள்ளம் இருந்த இடம் சமமாகியிருந்தது. சிமோஸ் சிலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது நாளில் முடிந்தது. கூந்தலுக்குச் செம்மண் நிறமும் கண்ணுக்குக் கறுப்பும் பூசி, கட்டைகள்மேல் நிமிர்த்தி நிறுத்தினோம். உடம்பு நாங்கள் எப்போதும் செய்கிற உடம்புதான், திடமான தோள், திடமான தொடை. முகம் மட்டும் வற்றியிருந்தது. கன்னம் இறங்கியதால் கன்ன எலும்பு மேலே தெரிந்தது. கண்கள் பெரிதாகிவிட்டன. உதட்டுச் சிரிப்பு, சிரிக்க முயல்கிற மாதிரி இருந்தது.

தெமோனஸ்ஸா வந்து பார்த்தாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெலெசோன் பதறிப்போய், "வேற கல் எடுத்து முதல்லேர்ந்து பண்ணித் தந்துடறேன்மா, அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

"கடைசி மூணு நாள் இப்படித்தான் இருந்தான்," என்றாள் அவள். "உடம்பு வத்தலை. முகம்தான் போச்சு. தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தான்." சிலையின் மடங்கிய விரல்களைத் தொட்டாள். "நல்லா இருந்த பையனைத்தான் திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன்."

"அதான்மா சொல்றேன், வேற..."

"வேண்டாம். இவனை விட்டுட்டுப் போனா இவனுக்கு யாரு தண்ணி குடுப்பா?"

வண்டி கட்டி எடுத்துப்போனார்கள். ஊர்ப் பாதையோரம் யூமெலோஸின் கல்லறைமேல் அவன் நிற்கிறான்.

அதற்குப் பிறகு சிமோஸ் ஒன்பது குளிர்காலம் எங்களோடு வேலை செய்தான். கழுத்துக்கு மேல் எந்தச் சிலையையும் அவன் தொடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிளைனோ கரைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கப்பல் வந்ததென்று யாராவது சொன்னால், "வரட்டும்" என்பாள். தறியிலிருந்து எழுந்திருக்க மாட்டாள். அவளை அழவைத்து, மகன் செத்ததை ஒப்புக்கொள்ளவைத்த கல்லும் அவளிடம் இல்லை. இருப்பான் என்று நினைக்க எகிப்தும் இல்லை.

சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது நாளில் அதில் சேர்ந்தது சாம்பல் நிறச் சேறு, பாதி வெள்ளைக்கல், பாதி குருந்தம். சிலை வண்டி ஏறிய மறுநாள் கிளைனோ அதைப் பட்டறைக் கிணற்றடியில் வைத்துக் கழுவினாள். தண்ணீர் விட்டுச் சுழற்றினால் கறுப்புக் குருந்தம் கனமாக அடியில் தங்கும், வெள்ளை பால் மாதிரி மேலே வரும். அந்தப் பாலை வேறு சட்டியில் வடித்து, தெளியவைத்து, மறுபடி சுழற்றி, மறுபடி வடித்தாள். கறுப்பு ஒரு பொட்டுகூட இல்லாமல் ஆக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. வெயிலில் காயவைத்தபோது மூன்று கைப்பிடி இருந்தது. சிதையில் எரித்தெடுத்த எலும்பைக் கழுவுவது போலக் கடைசியில் மதுவால் ஒரு தடவை நனைத்தாள். சின்ன மண்குடம் ஒன்றில் போட்டு வாயைத் துணியால் கட்டினாள்.

கடலைப் பார்த்த சரிவில், மற்ற பத்து வெறுங்குழிகளுக்குப் பக்கத்தில், சிமோஸ் தோண்டினான். தெலெசோனும் நானும் ஒரு கல்லைத் தூக்கிப்போயிருந்தோம், எதுவும் கொத்தாத கல். குடத்தை இறக்கி மண்ணைத் தள்ளிக் கல்லை நட்டோம். காலை வெயில் முதுகில் சுட்டது. எல்லாரும் ஒதுங்கி நின்றோம். சிமோஸ் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"கூப்பிடு."

அவள் கொண்டுவந்திருந்த மதுக் கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கிளைனோ. இங்க இடம் இருக்கு. நம்ம இடம். யாரும் எடுக்கச் சொல்ல மாட்டாங்க. கூப்பிடு."

"கூப்பிட்டாச்சே," என்றாள். "கூப்பிட்டேன், வந்தான். வந்தவனைத்தானே ஒன்பது நாள் தேய்ச்சோம். இன்னொரு தடவை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவான்?"

சிமோஸ் மதுக் கலயத்தை அவள் கையிலிருந்து வாங்கினான். கல்லின்மேல் அவனே ஊற்றினான். மண் அதை உடனே குடித்துவிட்டது. யார் குடித்தது என்று இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.